கட்டையில் வண்டு, பட்டையில் அந்து

அறிவியல் கேள்வி – பதில்

ஸ்காட்லாந்தில் வசிக்கும் வாசகி ஒருவர் அனுப்பிய இரண்டு படங்களைச் சென்ற இதழில் வெளியிட்டு, அவற்றில் பூச்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தோம். ஒன்றில் இருந்தது மரக்கட்டையின் மேல் படுத்திருந்த வண்டு. மற்றொன்றில் இருந்தது மரப்பட்டையோடு ஒட்டியிருந்த அந்துப்பூச்சி. இரண்டையும் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே செய்தியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: மே மாதக் கடைசியில் ராத்திமர்க்கஸ் காட்டுக்குப் போயிருந்தோம். வெட்டி அடுக்கியிருந்த பைன் கட்டை ஒன்றில் சாம்பல் நிற வண்டு ஒன்றையும், சற்றுத் தள்ளி நின்ற பிர்ச் மரத்தில் வெள்ளையும் கறுப்புமான அந்துப்பூச்சி ஒன்றையும் என் பத்து வயது மகன்தான் முதலில் பார்த்தான். இவற்றின் பெயர் என்ன? இரண்டில் எது கெட்டிக்காரத்தனமாக ஒளிந்துகொள்கிறது என்று அவன் கேட்கிறான்.
— ஒரு வாசகி, இன்வெர்னஸ், ஸ்காட்லாந்து

பதில்: முதலில் தங்கள் மகனுக்கு என் பாராட்டு. இந்த இரண்டையும் ஒரே நடையில் கண்டுபிடிப்பது பெரியவர்களுக்கே எளிதன்று.

வண்டின் பெயர் டிம்பர்மேன். நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இது, ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பைன் காடுகளிலிருந்து சைபீரியா வரை பரவியிருக்கிறது. அந்துப்பூச்சியின் பெயர் மிளகு அந்து. ரசத்துக்குத் தட்டிய மிளகை வெள்ளைத் துணியில் தூவியதுபோல் இருப்பதால் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட ஒரே நூலில்தான் இரண்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது என்பதைத் தங்கள் மகனிடம் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கண்டவன் அதைக் கேட்டு மகிழ்வான்.

நீங்கள் அனுப்பிய வண்டுப் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உடல் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இராது. முதுகை மூடியிருக்கும் கெட்டியான இறக்கை உறை முழுவதும் நுண்ணிய சாம்பல் நிற மயிர்கள் படிந்திருக்கின்றன. அந்த மயிர் அடர்ந்த இடம் வெளுத்தும், குறைந்த இடம் பழுப்பாகவும் தெரிவதால், முதுகின் குறுக்கே இரண்டு மங்கலான பட்டைகள் சாய்வாக ஓடுகின்றன. வெயிலும் மழையும் பட்டு வெளுத்த பைன் பட்டையில் செதில்களுக்கு இடையே ஓடும் பிளவுகளும் அதே சாய்விலும் அதே அகலத்திலும் இருக்கின்றன. தலைக்குப் பின்னால், கழுத்து என்று நாம் சொல்லக்கூடிய பகுதியில், மஞ்சளும் செம்மையும் கலந்த நான்கு புள்ளிகள் ஒரே வரிசையில் இருப்பதைக் கவனித்தீர்களா? தனியாகப் பார்த்தால் அவை பளிச்சென்று இருக்கின்றன. கட்டையின் மேல் பார்க்கும்போதோ, கசிந்து உலர்ந்த பைன் பிசினின் துளிகள் என்றே கண் எடுத்துக்கொள்கிறது.

மிளகு அந்துவின் உத்தி வேறு. விரித்த இறக்கைகள் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதாவது வண்டைக் காட்டிலும் பல மடங்கு பரப்பை அது மறைத்தாக வேண்டும். ஆகவே அது இறக்கைகளை மடக்கி உயர்த்தாமல், பட்டையின் மேல் தட்டையாக விரித்து அழுத்திக்கொள்கிறது. விளிம்புக்கும் பட்டைக்கும் இடையே இடைவெளி இல்லாததால் நிழல் விழுவதில்லை. ஒளிந்திருக்கும் பூச்சியைப் பல நேரங்களில் நிழல்தான் காட்டிக்கொடுக்கும் என்பதால், இது சிறிய செய்தியன்று. இறக்கையில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் மெல்லிய செதில்களால் ஆனவை. விரலால் தொட்டால் பொடியாக ஒட்டிக்கொள்வது அந்தச் செதில்தான்.

இனி மகனின் கேள்விக்கு வருவோம். இரண்டும் ஒரே தேர்வை எழுதவில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். மிளகு அந்து இரவில் பறக்கிறது. பகல் முழுவதும் அசையாமல் இருந்து, பறவைகளின் கண்ணில் படாமல் அந்தப் பொழுதைக் கடத்துவதே அதன் வேலை. டிம்பர்மேன் வண்டுக்கு அந்த வசதி இல்லை. இளவேனில் வெயிலில், பட்டப்பகலில், அண்மையில் விழுந்த அல்லது வெட்டப்பட்ட பைன் கட்டைகளின் மேல் அது நடமாடித் தன் துணையைத் தேடவேண்டும். பெண் வண்டு பட்டையின் வெடிப்புகளிலும், வேறு சிறு வண்டுகள் இட்ட துளைகளிலும் முட்டை வைக்கவேண்டும். பறவை விழித்திருக்கும் நேரமும் வண்டு உழைக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே அதன் உருமறைப்பு, நின்றால் மறைவதும் நடந்தால் வெளிப்படுவதுமாக, நொடிக்கு நொடி மாறுகிறது.

மதிப்பெண் போட்டே தீரவேண்டும் என்றால், பைன் கட்டையின் மேல் அசையாமல் இருக்கும் டிம்பர்மேனுக்கே நான் முதலிடம் கொடுப்பேன். நிறம், கோடு, தட்டையான உடல் எல்லாம் அந்த ஒரே பட்டைக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துகின்றன. ஆனால் அதே வண்டைப் பக்கத்திலுள்ள பிர்ச் மரத்தில் வைத்தால் அது எளிதில் கண்ணில் பட்டுவிடும். மிளகு அந்துவோ பிர்ச், ஓக், வில்லோ என்று பல மரங்களில், லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் படலம்) படர்ந்த எந்தக் கிளையிலும் ஓரளவுக்கு மறைந்துவிடும். ஒன்றுக்கு ஆழம் உண்டு, மற்றதற்கு அகலம் உண்டு.

கேள்வி: படத்தில் இருந்த வண்டின் உணர்கொம்புகள் உடலைவிடப் பல மடங்கு நீளமாக இருந்தன. எனக்கு முதலில் கண்ணில் பட்டவை அவைதாம். ஒளிந்து வாழும் பூச்சிக்கு இது இடைஞ்சல் இல்லையா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இடைஞ்சல்தான். இருந்தும் அவை நீண்டிருக்கின்றன என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது.

படத்தில் இருப்பது ஆண் வண்டு. பெண்ணின் கொம்பு உடல் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான். சில ஆண்களுக்கு அது ஐந்து மடங்கு வரை போகும். ஒன்றரை சென்டிமீட்டர் உடலுக்கு ஏழு சென்டிமீட்டர் கொம்பு என்றால், நம் உயரத்துக்கு எட்டு மீட்டர் நீளமுள்ள இரண்டு மூங்கில்களைத் தலையில் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். மறைவுக்கு மட்டும்தான் என்றால் இயற்கைத் தேர்வு இந்தக் கொம்புகளை என்றோ குறுக்கியிருக்கும். கட்டையின் மேல் பெண்ணைக் கண்டுகொள்ளவும், போட்டிக்கு வரும் ஆணைத் தொலைவிலேயே உணரவும் நீண்ட கொம்பு உதவுவதால், ஒரு பக்கம் இழப்பதை வண்டு மறுபக்கத்தில் ஈட்டிக்கொள்கிறது.

ஆனால் இழப்பையும் முடிந்தவரை குறைத்திருக்கிறது. கொம்பின் ஒவ்வொரு கணுவையும் பாருங்கள்: அடிப்பகுதி சாம்பல், நுனிப்பகுதி கறுப்பு, மீண்டும் சாம்பல், மீண்டும் கறுப்பு. ஒரே நிறத்தில் நீளும் கோடு கண்ணை இழுக்கும். துண்டு துண்டாக வெட்டுப்பட்ட கோடு பட்டையின் கீறல்களோடு கலந்துவிடும். நீங்கள் அதை எளிதாகக் கண்டதற்கு ஒரு காரணம், வாசகி படமெடுத்தபோது கொம்பின் ஒரு பாதி, பட்டை உரிந்த வெளிறிய மரப்பகுதியின் மேல் கிடந்ததுதான். மற்றப் பாதியைப் படத்தில் தேடிப் பாருங்கள், தடுமாறுவீர்கள்.

நீள்கொம்பு வண்டுகள் நமக்கும் அந்நியமானவை அல்ல. மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் கவலையோடு பேசும் தண்டுத் துளைப்பான் இதே குடும்பம்தான். ஆனால் டிம்பர்மேனை அந்தக் கண்ணோடு பார்க்கக் கூடாது. அதன் புழுக்கள் செத்த அல்லது சாகும் நிலையிலுள்ள பைன் மரத்தின் பட்டைக்கு அடியில்தான் வளர்கின்றன. நல்ல மரத்தை அவை தொடுவதில்லை.

கேள்வி: மிளகு அந்து பச்சோந்தி போல நிறம் மாற்றிக்கொள்ளுமா?
— பதினொன்றாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

பதில்: இறக்கை முளைத்த அந்து மாற்றிக்கொள்ளாது. கூட்டுப்புழுவிலிருந்து எந்த நிறத்தில் வெளிவருகிறதோ அதே நிறத்தில்தான் சாகும்வரை இருக்கும்.

ஆனால் உங்கள் கேள்வி அதன் புழுவுக்குப் பொருந்துகிறது. மிளகு அந்துவின் புழு ஒரு குச்சியைப் போலவே இருக்கும். பின்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு உடலைச் சாய்வாக நீட்டி விறைத்து நின்றால், நடுவில் பிளந்த அதன் தலைகூட இலைமொட்டுப் போலத் தெரியும். பழுப்புக் கிளையில் வளரும் புழு பழுப்பாகவும், பச்சைக் கிளையில் வளரும் புழு பச்சையாகவும் மாறுகிறது. உணவினால் வரும் மாற்றம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அப்படியன்று. பிரிட்டனின் லிவர்பூலிலும் ஜெர்மனியின் ஜெனாவிலும் உள்ள ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் புழுக்களின் கண்களைக் கறுப்புச் சாயத்தால் மூடிவிட்டார்கள். கண் மறைந்த புழுக்களும் தாம் அமர்ந்திருந்த குச்சியின் நிறத்துக்கே மாறின. தமக்கு ஏற்ற நிறமுள்ள குச்சியைத் தேர்ந்தெடுத்து அதில் போய் அமரவும் செய்தன. ஒளியை உணரும் மரபணுக்கள் அதன் தோலிலும் இயங்குகின்றன. அந்தப் புழு தன் தோலால் நிறத்தை உணர்கிறது என்பதைப் படித்த நாள் முதல் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு.

டிம்பர்மேன் புழுவுக்கு இந்தக் கவலையே கிடையாது. பட்டைக்கு அடியில், வெளிச்சமே படாத சுரங்கத்தில், மரத்தூளுக்கு நடுவே வளரும் அது வெளுப்பாகவே இருக்கிறது. மரங்கொத்தி அதை நிறம் பார்த்துப் பிடிப்பதில்லை.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் நடத்தும்போது, தொழிற்சாலைப் புகையால் கறுப்பு அந்துக்கள் பெருகிய கதையை ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். அந்தச் சோதனை மோசடி என்றும், செத்த பூச்சிகளை மரத்தில் ஒட்டிப் படமெடுத்தார்கள் என்றும் கூறும் காணொளி ஒன்றை மாணவர் ஒருவர் என்னிடம் காட்டினார். இனி இதைக் கற்பிக்கலாமா?
— உயிரியல் ஆசிரியை, மதுரை

பதில்: தாராளமாகக் கற்பிக்கலாம், முன்னைவிட உறுதியோடும் கற்பிக்கலாம். ஆனால் அந்த மாணவரின் ஐயத்தை ஒதுக்கிவிடாமல், அதையே பாடத்துக்குள் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து பார்ப்போம். மான்செஸ்டரில் முதல் கறுப்பு மிளகு அந்து பிடிபட்டது 1848-இல். 1895-க்குள் அந்த நகரத்தைச் சுற்றிப் பிடிபட்டவற்றில் 98 விழுக்காடு கறுப்பாகிவிட்டன. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான் என்பதால், ஐம்பது தலைமுறைக்குள் ஓர் இனத்தின் நிறமே தலைகீழானது. நிலக்கரிப் புகையில் இருந்த கந்தக வாயு லைக்கன்களைக் கொன்றது. கரி படிந்து பட்டைகள் கறுத்தன. வெளிறிய அந்துக்கள் பறவைகளுக்கு எளிதில் தென்பட்டன. இந்த விளக்கத்தை டட் என்ற பூச்சியியலாளர் 1896-இலேயே முன்வைத்துவிட்டார். மெய்ப்பிக்கத்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பெர்னார்ட் கெட்டில்வெல், 1953-இல் பர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள புகை படிந்த காட்டில், இறக்கையின் அடிப்பக்கத்தில் சிறு சாயப்புள்ளி இட்ட ஆண் அந்துக்களை விட்டு, பின்னர் இரவுப் பொறிகளில் அவற்றை மீண்டும் பிடித்தார். கறுப்பு அந்துக்களில் 27.5 விழுக்காடு திரும்பக் கிடைத்தன, வெளிறியவற்றில் 13.1 விழுக்காடுதான். புகை எட்டாத டார்செட் காட்டில் 1955-இல் அதையே செய்தபோது கணக்கு மாறியது: வெளிறியவை 12.5, கறுப்பு 6.3. பறவைகள் அந்துக்களைக் கொத்தித் தின்பதை விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பர்ஜன் படமும் பிடித்தார்.

இனி குறைகளைப் பார்ப்போம். கெட்டில்வெல் அந்துக்களைப் பகலில் விட்டார். அவை இடம் தேர்ந்துகொள்ளப் போதிய நேரம் கிடைக்கவில்லை. இயற்கையில் இருப்பதைவிட நெருக்கமாக, மரத்தின் அடித்தண்டில் அவற்றை வைத்தார். மிளகு அந்து பெரும்பாலும் அங்கே அமர்வதில்லை என்று பின்னர் வந்தவர்கள் எதிர்த்தார்கள். பாடநூல்களில் வரும் அந்தப் புகழ்பெற்ற படங்கள், ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, வேறுபாட்டைக் காட்டுவதற்காக வைத்து எடுக்கப்பட்டவைதாம். ஆனால் படம் வேறு, கணக்கு வேறு. மேலே சொன்ன விழுக்காடுகள் எவையும் அந்தப் படங்களிலிருந்து வந்தவை அல்ல. உயிரோடு விட்டு உயிரோடு பிடித்த பூச்சிகளிலிருந்து வந்தவை. காணொளி இந்த இரண்டையும் குழப்புகிறது.

இந்தக் குறைகளை எல்லாம் முழுப் பொறுப்போடு எடுத்துக்கொண்டு, சோதனையை முதலிலிருந்து திரும்பச் செய்தவர் கேம்பிரிட்ஜின் மைக்கேல் மஜெரஸ். 2001 முதல் 2007 வரை, ஒரே இடத்தில், ஒவ்வோர் இரவும் சில அந்துக்களை மட்டும், அந்த வட்டாரத்தில் இயல்பாக உள்ள விகிதத்திலேயே, கிளைகளைச் சுற்றிக் கட்டிய வலைக்கூண்டுக்குள் விட்டார். இரவில் அவை தாமாகவே இடம் தேடிக்கொண்டன. விடியும்போது கூண்டை எடுத்துவிட்டு, காலையில் எவை காணாமல் போயின என்று எண்ணினார். மொத்தம் 4,864 அந்துக்கள். கறுப்பு அந்து ஒவ்வொரு நாளும் வெளிறியதைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவாகத் தப்பிப் பிழைத்தது. அதே ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் கறுப்பு அந்துக்களின் பங்கு 12 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கு இறங்கியது. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. மரங்களில் ஏறி, இயற்கையாக அமர்ந்திருந்த அந்துக்களையும் அவர் தேடினார்: பாதிக்கும் சற்று மேல் பக்கக் கிளைகளிலும், மூன்றில் ஒரு பங்கு தண்டிலும், மீதி சிறு கொப்புகளிலும் இருந்தன. ஆகவே தண்டில் அமர்வதே இல்லை என்ற எதிர்ப்பும் முழு உண்மையன்று.

மஜெரஸ் 2009-இல் காலமானார். அவருடைய தரவுகளை வேறு நால்வர் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். அதை அவர் அச்சில் பார்க்கவில்லை என்பது எனக்கு எப்போதும் மனத்தாங்கலாகவே இருக்கிறது.

வகுப்பில் இன்னொன்றையும் சொல்லலாம். மறைவு என்பது நம் கண்ணுக்கு அன்று, பறவையின் கண்ணுக்கு. நமக்கு நிறம் காணும் கூம்பு செல்கள் மூன்று வகை. பறவைகளுக்கு நான்கு, அவற்றில் ஒன்று ஊதாவையும் அதற்கு அப்பாலும் உணரக்கூடியது. செட்டிநாட்டுச் சமையலில் சேர்க்கும் கல்பாசியை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதுவும் லைக்கன்தான், இலை இலையாக எழும்பும் வகை. அத்தகைய லைக்கனின் மேல் வெளிறிய அந்து நம் கண்ணுக்கு மறைந்தாலும், புற ஊதா ஒளியில் வேறுபட்டுத் தெரிகிறது. பட்டையோடு பட்டையாகச் சாந்து பூசியதுபோல் படரும் லைக்கனின் மேல்தான் அது பறவைக்கும் மறைகிறது. பறவையின் பார்வையைக் கணக்கில் எடுத்து எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மாசற்ற காட்டில் வெளிறிய மாதிரிகள் கறுப்பைவிட 21 விழுக்காடு அதிகமாகத் தப்பின. மாணவர்களிடம் ஒரு துண்டு கல்பாசியைக் கையில் கொடுத்துவிட்டு இந்தப் பாடத்தைத் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: புகை எல்லாப் பூச்சிகளுக்கும் பொதுதானே? அந்து கறுத்தது போல அந்த வண்டு ஏன் கறுக்கவில்லை?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: மிக நல்ல கேள்வி. இதற்கு மூன்று பக்கங்களிலிருந்து விடை தேடவேண்டும்.

முதலாவது, இடம். பிரிட்டனில் டிம்பர்மேனின் இயற்கையான வாழிடம் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பைன் காடுகள். மான்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற ஆலை நகரங்களின் கரி அங்கே பட்டைகளைக் கறுப்பாக்கவில்லை. அந்த மலைநாட்டில் மிளகு அந்துவும் பெரும்பாலும் வெளிறியதாகவே நீடித்தது. ஆகவே தங்கள் கேள்வியில் உள்ள ஒப்பீடு, வண்டையும் அந்துவையும் பற்றியது என்பதைவிட, ஆலை நகரத்தையும் மலைக்காட்டையும் பற்றியது.

இரண்டாவது, வெளியில் தென்படும் காலம். டிம்பர்மேன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பட்டைக்கு அடியில் கழிக்கிறது. கோடையின் இறுதியில் முழு வண்டாக உருவெடுத்த பிறகும், குளிர்காலம் முழுவதும் பட்டைக்கு அடியிலேயே தங்கி, மார்ச் மாதம் வெயில் ஏறும்போதுதான் வெளியே வருகிறது. அந்த இளவேனிலில் மட்டுமே அதன் நிறம் சோதனைக்கு உள்ளாகிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தேவை இருக்கிறது என்பதற்காக நிறம் வந்துவிடாது. அதற்கான மாற்றம் மரபணுவில் முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும். மிளகு அந்துவில் அது எப்படி நிகழ்ந்தது என்பதை லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் கண்டறிந்தார்கள். மரபுப் பொருளில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. ஏறத்தாழ 22,000 எழுத்துகள் நீளமுள்ள அத்தகைய துண்டு ஒன்று, கார்டெக்ஸ் என்ற மரபணு இருக்கும் பகுதிக்குள் தாவி உட்கார்ந்துகொண்டதால்தான் கறுப்பு அந்து பிறந்தது. அது நடந்த ஆண்டு 1819-ஐ ஒட்டி இருக்கவேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. பழைய காடாக இருந்திருந்தால் அந்தக் கறுப்பு அந்துவின் வழித்தோன்றல்களைப் பறவைகள் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்திருக்கும். கரி படிந்த காட்டில் அதுவே வாழ்ந்தது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைந்த பிறகு, அதே கறுப்பு அதற்குப் பாதகமாகத் திரும்பியது.

வண்டுகளில் கருமை வரவே வராது என்றும் இல்லை. இரண்டு புள்ளிப் பொறிவண்டில் கறுப்பு வகைகள் ஆலைப் பகுதிகளில் மிகுந்திருந்தன. ஆனால் பளிச்சென்ற எச்சரிக்கை நிறம் கொண்ட அந்த வண்டு ஒளிந்து வாழ்வதில்லை என்பதால், அதன் கருமையை ஆய்வாளர்கள் உருமறைப்போடு அல்லாமல் சூரிய வெப்பத்தை உறிஞ்சுவதோடு இணைத்துப் பேசுகிறார்கள்.

கேள்வி: இரண்டையும் மீண்டும் தேடிப் பார்க்க விரும்புகிறோம். எந்த மாதத்தில், எப்படித் தேடவேண்டும்? அந்து தானாகவே சரியான இடத்தைத் தேர்ந்தெடுக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.
— இன்வெர்னஸ் வாசகியின் இரண்டாவது கடிதம்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தென் கொரியாவில் மிளகு அந்துவின் உறவினங்கள் இரண்டைக் கவனித்த ஆய்வாளர்கள் 2012-இல் ஓர் அழகான செய்தியை வெளியிட்டார்கள். பட்டையில் இறங்கியவுடன் அந்த அந்துக்கள் அப்படியே இருந்துவிடுவதில்லை. சிறிது நகர்ந்து, உடலைத் திருப்பி, இறக்கைக் கோடுகளும் பட்டையின் வரிகளும் ஒத்துப்போகும் நிலைக்கு வந்த பிறகே அடங்குகின்றன. இறங்கிய இடத்தைவிட அடங்கிய இடத்தில் அவற்றைக் கண்டுபிடிப்பது மனிதருக்கு மேலும் கடினமாக இருந்தது. மிளகு அந்துவும் வைகறையில் பட்டையில் இறங்கிய பின் எப்படி நகர்கிறது என்பதைத் தங்கள் மகன் கவனித்துக் குறித்துவைக்கலாம்.

டிம்பர்மேனுக்கு மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஏற்ற காலம். வெயில் விழும் பக்கத்தில் உள்ள, பட்டை உரியாத புதிய பைன் கட்டையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியாது. கட்டையின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் பாருங்கள், நீண்ட கொம்புகளோ அவற்றின் மெல்லிய நிழலோ முதலில் புலப்படும். பெண்ணாக இருந்தால் வாலின் நுனியில், முட்டையிடும் குழல் சிறு முனைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் பட்டையை உரித்து மட்டும் தேடவேண்டாம்; அதற்கு அடியில்தான் அவை வெயிலுக்காகக் காத்திருக்கின்றன.

மிளகு அந்துவுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை. குளிர்காலத்தில் அது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருக்கும். ஜூன் மாத இரவில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு அதன் முன் விளக்கேற்றினால் ஆண் அந்துக்கள் வரும். இறகு போன்ற உணர்கொம்பைக் கொண்டு ஆணென்று அறியலாம். பார்த்து முடித்ததும் விடிவதற்கு முன்பே விளக்கை அணைத்து, துணியில் ஒட்டியிருப்பவற்றை ஒரு டம்ளரால் மூடி எடுத்து, வெவ்வேறு மரங்களின் நிழலான கிளைகளில் தனித்தனியே விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே புதரில் விட்டால், காலையில் முதலாவதைக் கண்டுபிடித்த ராபின் பறவை மற்றவற்றையும் தேடித் தின்றுவிடும்.